பட்டன் போன்: செலவு செட்டிலா, சிம்மிலா?

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் மற்றும் தகவல் தொடர்புத் துறை)

"இந்தக் காலத்தில் போய் பட்டன் போனைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் நண்பர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள்! நம் பாக்கெட்டில் இருப்பது டச் போன்தான், ஒத்துக்கொள்கிறேன். நம் வீட்டில்? ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அம்மா, பவர்டேபிளில் கைமடித்துக் கொடுக்கும் பெரியம்மா, சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் பார்க்கும் மாமா, பல்லடத்துப் பக்கம் தறி ஓட்டும் தாத்தா. இவர்களில் பாதிப்பேர் கையில் இன்னமும் பட்டன் போன்தானே இருக்கிறது? சில பனியன் கம்பெனிகளில் கேமரா உள்ள போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், டிசைன் வெளியே போய்விடுமாம். பட்டன் போனுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

சரி, இந்தப் போனை யார் வாங்கிக் கொடுப்பது? "டிப்ளமா படிக்கிற பையன் இருக்கறானல்லோ, அவனைக் கூட்டிட்டுப் போய் வாங்கோணும்" என்று தெருவே நம்மைத்தான் கை காட்டுகிறது. நாமும் பெரிய இன்ஜினியர் மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை கடையாக ஏறுகிறோம். கடைக்கார அண்ணன் கண்ணாடி மேல் நாலு செட்டை எடுத்துப் போடுகிறார். எது விலை கம்மி, எதில் டார்ச் பெரிசு, எதில் சார்ஜ் நிற்கும் என்று பார்த்து ஒன்றை வாங்கி வருகிறோம். இங்கேதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஒப்பிட வேண்டியதை விட்டுவிட்டு, ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதையே நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

செட்டைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? பட்டன் போன் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2003ல் வந்த நோக்கியா 1100 முடிவு செய்துவிட்டது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. மேலே டார்ச். பட்டன்களுக்கு இடையே தூசி போகாதபடி ஒரே துண்டாக மூடிய ரப்பர் கீபேட். நம் ஊர்ப் பஞ்சுத் தூசிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி! நிட்டிங் மிஷின் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் போனின் சார்ஜர் ஓட்டையைப் பாருங்கள், குண்டூசியால் நோண்டினால் ஒரு பஞ்சு உருண்டையே வரும். ஆகவே செட்டில் பார்க்க வேண்டியது இரண்டு மூன்றுதான். கீபேட் மூடிய கீபேடா, ஓவர்லாக் சத்தத்தையும் மீறி ரிங் கேட்குமா, பேட்டரியை நாமே கழற்றி மாட்ட முடியுமா.

பேட்டரி என்றதும் ஒரு செய்தி. பி.எல்.5சி என்ற நோக்கியா பேட்டரியை நம்மில் யார்தான் பார்த்ததில்லை? எப்.எம். ரேடியோ, சைனா செட், சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அதே அளவு பேட்டரிதான் உட்கார்ந்திருந்தது. 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனியே, 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பி.எல்.5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம், மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. ஒரிஜினலுக்கே அந்த நிலைமை. பிளாட்பாரத்தில் விற்கும் டூப்ளிகேட் எந்த லட்சணத்தில் இருக்கும்? ஊதிய பேட்டரியைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். செட்டில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தாலும் பேட்டரியில் பிடிக்காதீர்கள்.

இனி நம் துறைக்காரன் பேசவேண்டிய விஷயம். 2ஜி செட்டா, 4ஜி செட்டா? போன வருடம் எங்கள் லைனில் குடியிருக்கும் ஒடிசாக்காரத் தம்பி புத்தம்புது செட்டு ஒன்றை வாங்கி, தன்னிடம் இருந்த ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, "சிக்னலே வரலை அண்ணா" என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். செட்டில் கோளாறு இல்லை. சிம்மிலும் இல்லை. அது 2ஜி செட்டு. ஜியோவுக்கு 2ஜி கிடையவே கிடையாது, 2016ல் தொடங்கும்போதே 4ஜியில் தொடங்கிய கம்பெனி. பழைய ஜி.எஸ்.எம்.மில் பேச்சுக்கென்று தனிச் சர்க்யூட் உண்டு. 4ஜியில் பேச்சும் டேட்டா மாதிரி பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும், அதற்குப் பெயர்தான் வோல்ட்டி. அந்த வசதி செட்டிலேயே இருக்க வேண்டும். ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 3ஜியை மூடினாலும் 2ஜியை வைத்திருக்கின்றன, அவற்றின் சிம் 2ஜி செட்டில் பேசும். நாலாம் செமஸ்டரில் படித்து பாஸ் பண்ணிய பாடம்தான் இது. கடையில் நிற்கும்போது ஞாபகம் வர மாட்டேன் என்கிறது!

அடுத்தது பூட்டு. 2023 ஜூலையில் ரூ.999க்கு ஜியோ பாரத் வந்தது. 4ஜி, சின்ன கேமரா, ரேடியோ, டார்ச், யு.பி.ஐ. எல்லாம் உண்டு. அதற்கென்றே 28 நாளைக்கு ரூ.123 என்று ஒரு ரீசார்ஜ். மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செட்டில் வேறு கம்பெனி சிம் வேலை செய்யாது. அந்த 123 ரூபாய் பிளானும் அந்தச் செட்டில் இருக்கும்வரைதான், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் பிளான் கூட வராது. 2017ல் 1500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோனும் இப்படித்தான். செட்டின் விலையில் அவர்கள் குறைத்துக்கொண்டது, நாம் வேறு இடம் போகமாட்டோம் என்பதற்கு நாம் முன்கூட்டியே கொடுத்த வாக்குறுதி.

"போகவேண்டிய அவசியம் என்ன வரும்?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக்காரனைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி அது! ஏர்செல் ஞாபகம் இருக்கிறதா? 1999ல் தமிழ்நாட்டில் தொடங்கி, வீட்டுக்கு ஒரு சிம் என்று இருந்த கம்பெனி. 2018 பிப்ரவரியில் திடீரென்று டவர் டவராக அணைந்தது, அந்த மாதக் கடைசியில் திவால் மனு. நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஏர்செல் ஆபீஸ் வாசலில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றதை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு நிம்மதி, நம்பரைப் போர்ட் செய்ததும் அதே செட்டில் வேறு சிம்மைப் போட்டுப் பேசினார்கள். ரிலையன்ஸ், டாடா இன்டிகாம் சி.டி.எம்.ஏ. செட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 2003ல் 501 ரூபாய்க்குப் போன் என்று ஊரே ஓடிப்போய் வாங்கியது. கம்பெனி கடையைக் கட்டியபோது அந்தச் செட்டு குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆனது.

(இன்னொரு வாசல் மூடிய கதையும் இங்கே சொல்லவேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா பேக்டரி 2006ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள். வரித் தகராறும் கம்பெனி கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பர் 1ல் மூடிவிட்டார்கள். நம் அம்மா கையில் இருந்த செட்டைச் செய்த கை, இருபத்தைந்து வயதில் வேலை இல்லாமல் நின்றது. அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.)

இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள், கணக்குப் பார்ப்போம். மூன்று வருடம் ஒரு செட்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைகள் அந்தந்தத் தேதிக்குரியவை. கடையில் விசாரித்து இன்றைய எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் 2024 ஜூனில் ரூ.999க்கு வந்த எச்.எம்.டி. 105. இது 2ஜி செட்டு. இதில் ஏர்டெல் சிம். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி விலையை ஏற்றியபிறகு, ஏர்டெல்லில் 28 நாள் ரீசார்ஜ் ரூ.199. மாதம் என்று சொல்கிறோமே தவிர, 28 நாள் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை! ஆக வருடத்துக்கு ரூ.2,587. மூன்று வருடத்துக்குச் செட்டோடு சேர்த்து ரூ.8,760.

இரண்டாவது, 2023 மே மாதம் ரூ.2,199க்கு வந்த நோக்கியா 106 4ஜி. பூட்டு இல்லாத செட்டு. இதில் அதே ஏர்டெல் சிம், ஆனால் 2025 ஜனவரியில் வந்த பேச்சுக்கு மட்டுமான வருடப் பிளான், 365 நாளுக்கு ரூ.1,849. மூன்று வருடத்துக்குச் செட்டோடு சேர்த்து ரூ.7,746.

பார்த்தீர்களா? இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய செட்டு, கடைசியில் ஆயிரத்துப் பதினான்கு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. பூட்டுப் போட்ட ஜியோ பாரத்துக்கு 123 ரூபாயைப் பதின்மூன்றால் பெருக்கி, மூன்று வருடத்துக்குப் பார்த்தால் செட்டோடு ரூ.5,796 வருகிறது. எல்லாவற்றிலும் அதுதான் குறைவு, கணக்கை மறைத்துக் கட்டுரை எழுதுவது எனக்குப் பிடிக்காது. பூட்டு இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலை மூன்று வருடத்தில் ரூ.1,950, மாதத்துக்கு ஐம்பத்து நாலு ரூபாய்.

இந்த வருடப் பிளான் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில், 2003 மே மாதத்துக்கு முன்பு, நமக்கு வரும் காலுக்கும் நாமே காசு கொடுத்தோம். பிறகு இன்கமிங் இலவசம் ஆனது. 'லைப்டைம்' என்று ஒரு தடவை காசைக் கட்டிவிட்டு மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 2018 கடைசியில் அதற்கு வேட்டு வைத்தார்கள். குறைந்தபட்ச ரீசார்ஜ் போடாவிட்டால் இன்கமிங்கும் கட் என்றார்கள். முதலில் 35 ரூபாயில் ஆரம்பித்தது. கடைசியில், டேட்டா என்றால் என்னவென்றே தெரியாத பாட்டியும் டேட்டாவுக்குச் சேர்த்துத்தான் ரீசார்ஜ் போடவேண்டும் என்றானது. 2024 டிசம்பரில் டிராய் தலையிட்டது. 2ஜியில் இருக்கும் சுமார் 15 கோடிப் பேரைக் குறிப்பிட்டு, பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள பிளான் ஒன்றாவது கொடுத்தே தீரவேண்டும், 365 நாள் வரை கொடுக்கலாம் என்று விதி போட்டது. விலை இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு ரூ.469, ஜியோ 84 நாளுக்கு ரூ.448 என்று கொண்டுவந்தன.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 28 நாள் பிளானில் ஒரு நாளுக்கு ஏழு ரூபாய் பதினொரு காசு. வருடப் பிளானில் ஐந்து ரூபாய் ஏழு காசு. யாருக்கு எது? சனிக்கிழமை சாயந்தரம் வாரச் சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறியும் மளிகையும் வாங்கி, திங்கட்கிழமை டீக்குச் சில்லறை தேடுகிறவர் கையில் 199 இருக்கும். 1,849 ஒருநாளும் சேர்ந்து இருக்காது. ஆகவே கம்மிச் சம்பளக்காரர் நாளுக்கு இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்து, வருடத்துக்கு 738 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். அதில் வரும் டேட்டாவை அவருடைய செட்டு தொடக்கூட முடியாது!

"போனால் போகிறது, ஒரு மாதம் ரீசார்ஜ் போடாமல் விடலாமே" என்கிறீர்களா? அங்கேதான் பெரிய ஆபத்து. இன்று நம்பர் என்பது பேசுவதற்கு மட்டும் அல்ல. ஆதார், பேங்க், ரேஷன் கார்டு, பி.எஃப். எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் தொங்குகின்றன. எங்கள் தெருவில் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், பிரசவத்துக்குத் தாராபுரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனார். எட்டு மாதம் ரீசார்ஜ் போடவில்லை. திரும்பி வந்து பி.எஃப். பணம் எடுக்கலாம் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் ஓ.டி.பி. வரவில்லை. அவருடைய நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். எடுத்தவர் முன்பின் தெரியாத ஆள். "இது என்ற நம்பருங்க, போன மாசம்தான் வாங்கினேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? 90 நாள் எந்த உபயோகமும் இல்லாத ப்ரீபெய்ட் நம்பரை கம்பெனி ரத்து செய்யலாம். இருபது ரூபாயாவது பேலன்ஸ் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்கவேண்டும் என்று 2013லிருந்தே டிராய் விதி இருக்கிறது, அக்காவுக்கு அது யார் சொன்னது? ரத்தான பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆதார் சென்டரில் டோக்கன் வாங்கி, கைரேகை வைத்து, புது நம்பரைச் சேர்த்து, பிறகு பி.எஃப்.பில் மாற்றி... மூன்று நாள் சம்பளம் போயிற்று. "என்ற காசை நானே எடுக்கறதுக்கு இத்தனை பாடா கண்ணு?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான். அப்ரண்டிஸ் போனதும் முதல் ஸ்டைபண்டில் அம்மாவுக்குப் புதுச் செட்டு வாங்கித் தருவது நம்மிடையே ஒரு வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பழைய செட்டு பேசுகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள், அந்தக் காசில் வருட ரீசார்ஜ் போடுங்கள். மொத்தமாகப் போட முடியாததால்தானே அம்மா அந்த 738 ரூபாயை வருடா வருடம் தோற்கிறார்? மொத்தமாகப் பணம் வரும் ஒரே ஆள் வீட்டில் நாம்தான். "புதுப் போன் இல்லையா சாமி" என்று அம்மா முகம் லேசாகச் சுருங்கும், தெரியும். மாதக் கடைசியில் "உங்கள் ரீசார்ஜ் முடிவடைகிறது" என்று ஒரு பெண் குரல் மிரட்டாமல் இருக்கும்போது சரியாகிவிடும்.

செட்டு வாங்கியே ஆகவேண்டும் என்றால், ஆதாரிலும் பி.எஃப்.பிலும் இருக்கும் நம்பரைப் பூட்டுப் போட்ட செட்டில் போடாதீர்கள். அந்தச் செட்டு ஒருநாள் டீ கிளாஸில் விழுந்தால், பக்கத்து வீட்டுப் போனில் சிம்மைப் போட்டு ஓ.டி.பி. வாங்கக்கூட பிளான் இருக்காது. பேச்சுக்கு இரண்டாவது நம்பர் என்று வேண்டுமானால் பூட்டுச் செட்டு இருக்கட்டும். வீட்டில் அந்த மாதிரிச் செட்டு ஏற்கனவே இருந்தால் தூக்கி எறியச் சொல்லவில்லை, நம்பரை மட்டும் யோசியுங்கள்.

நம் யூனியனுக்கும் ஒரு வார்த்தை. வருடா வருடம் ரத்த தான முகாம் நடத்துகிறோம், மரக்கன்று நடுகிறோம். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தால் என்ன? பட்டன் போனிலேயே பி.எஃப். பாக்கி தெரிந்துகொள்ளலாம், 9966044425க்கு பதிவு செய்த நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் போதும், காசு கிடையாது, யு.ஏ.என். மட்டும் ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாமல் யு.பி.ஐ.யில் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் ரிசர்வ் பேங்க் '123பே' என்று கொண்டுவந்தது. இதெல்லாம் இருப்பது எத்தனை டெய்லருக்குத் தெரியும்? கம்பெனி ஆபீஸில் சொல்வார்களா? நாம் சொல்லலாம். வருட ரீசார்ஜுக்கு வாரம் 37 ரூபாய் என்று பத்துப் பேர் சேர்ந்து சீட்டு மாதிரிப் போட்டால், ஐந்து வாரத்துக்கு ஒருவருக்கு வருடப் பிளான் கிடைத்துவிடும். கணக்கு எழுத நம்மிடம் ஆள் இல்லையா?

கடைக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பணம் கொடுப்பதற்கு முன் அம்மாவின் சிம்மை அந்தச் செட்டில் போட்டு, அங்கேயே நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். பிறகு உங்கள் போனிலிருந்து தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். சில செட்டுகளில் எழுத்து வராமல் கட்டம் கட்டமாக வரும். தமிழ் எஸ்.எம்.எஸ்.சுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கிலீஷில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'திருப்பூர்' என்று நம் ஊர்ப் பெயரை எழுதினால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து! அதனால் நீளமான மெசேஜாக அனுப்பிப் பாருங்கள், பாதியில் வெட்டாமல் முழுசாக வருகிறதா என்று. எங்கள் அம்மாவுக்கு வாங்கும்போது கடைக்கார அண்ணன் "இதையெல்லாம் யாருப்பா பார்க்கிறாங்க?" என்று சிரித்தார். நாலாவது செட்டில்தான் தமிழ் சரியாக வந்தது.